தேம்

எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பியிருந்தான் மெர்வின்.
வாவிக் காற்றில் பெற்றோல் மணம்.
பத்தாம் நம்பர் சாவி இருக்கா என்றேன்.
"தேம்" என்றான், வாய்க்குள் ஒரு நட்டோடு.

கலியாணம் முடித்துப் பதினொரு மாதம்.
அவன் வீட்டுப் பறங்கிப் பாஷையில்
எனக்கு முதல் பிடிபட்ட சொல் அது: இருக்கு.
மற்றது நுந்தேம்: இல்லை.
இரண்டும் தெரிந்தால் போதும்,
சின்ன உப்போடையில் எந்தக் குசினியிலும்
சீனி கேட்டு வாங்கலாம்.

மறுகா தேடத் தொடங்கினேன்.
பதிவாளர் கந்தோரில் வேலை எனக்கு;
ஒரு பெயரைக் கண்டால்
தகப்பன் பெயர் கேட்கிற வியாதி.

தேமுக்குத் தகப்பன்வழி ரோமாபுரி.
அங்கே அது ஒரு முஷ்டி.
தெனேரே.
கயிற்றைப் பிடி, கேடயத்தைப் பிடி, கோட்டையைப் பிடி, விடாதே.
பிரான்சுக்காரன் இன்னும் கதவை அதாலேதான் பிடிக்கிறான்.
ருமேனியாவிலும் விரல் திறக்கவில்லையாம்.
ஸ்பெயின்காரன் கை சோர்ந்து அதைப் பைக்குள் போட்டான்:
பிடித்திருப்பது மெல்ல வைத்திருப்பது ஆயிற்று.
வீடு வைத்திருக்கிறான், காய்ச்சல் வைத்திருக்கிறான்,
முப்பது வயதைக்கூட
கோழிக்குஞ்சு மாதிரிப் பொத்தி வைத்திருக்கிறான்.

போர்த்துக்கேயன் கப்பலில் ஏற்றியபோது
நடுவெழுத்து ஏற்கெனவே உப்பில் கரைந்திருந்தது.
புளியந்தீவில் இறங்கியது
தேய்ந்து தேய்ந்து
தேம்.

எங்களிடம் அவர்கள் அலமாரி விட்டுப் போனார்கள்,
ஜன்னல், கதிரை, சாவி.
எல்லாம் பொருள்கள்.
பொருளை வைத்திருக்கத் தமிழில்
தனியாக ஒரு வினை இல்லை என்று
அதுவரை நான் யோசித்ததே இல்லை.
எனக்கு வீடு இருக்கு. எனக்குப் பிள்ளை இருக்கு.
வீடு அங்கே, பிள்ளை அங்கே,
இருப்பது அவைதான்.
நான் வெறும் நான்காம் வேற்றுமை.

கரையில் வந்து நின்ற அந்த முஷ்டிக்கு
எங்கள் ஆட்கள் சொன்னது ஒரே சொல்லாகத்தான் இருக்கும்:
இரு.
அது இருந்தது.
குந்தி இருந்தது, கோப்பி குடித்து இருந்தது,
நானூறு வருஷம் கிட்ட இருந்தது.
விரல் விரலாகத் திறந்து
இருக்கு என்றே ஆகிப்போனது.

டச்பாரில் அன்றைக்கு
லொறேட்டாவின் கையை அவன் பிடித்திருந்தான்.
அவனுக்குப் பன்னிரண்டு, அவளுக்கு ஆறு.
ஒரு தரம்தான் சொன்னான், அதுவும் தமிழில்.
ஏன் தமிழில் என்று நான் கேட்கவில்லை.
அவன் மொழியில் பிடிப்பதற்கு இப்போது வேறு சொல்.
பழைய சொல் கையை விட்டு
எவ்வளவோ காலம்.

மகளைப் பற்றி யாரும் கேட்டால் மாமி சொல்வது
தின்யா.
இருந்தாள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.
வைத்திருந்தேன் என்று லிஸ்பனில் விளங்கும்.
பிடித்திருந்தேன் என்று
அந்தப் பழைய நகரத்தில் யாருக்காவது.
கந்தோர்ப் படிவத்தில்
ஒரு கட்டம்தான் உண்டு.

என்னைக் கேட்கவென்று அவன் கந்தோருக்கு வந்த அன்று
கேட்கவேயில்லை.
முத்திரை ஒட்டுகிற பசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நான்தான் கேட்டேன்: "பிடிச்சிருக்கா?"
பிடி. இரு.
அந்தச் சொல் நடந்த வழியின் இரண்டு நுனியும்
என் வாயில் ஒன்றாகக் கிடந்தது
அப்போது எனக்குத் தெரியாது.
"பிடிச்சிருக்கு" என்றான்,
ஏதோ உதிரிப்பாகத்துக்கு விலை சொல்வதுபோல.

எஞ்சினைப் பூட்டிவிட்டான்.
கயிற்றைச் சுற்றி ஒரு இழுவை. இருமல்.
இன்னொரு இழுவை.
தோணி ஆடுகிறது. கல்லடிப் பாலத்தில்
காத்தான்குடி பஸ் போகிறது.
"பிடிக்குதா?" என்றேன்.

"இரு" என்றான்.